மண்ணுக்குள் சேர்த்து வைக்கும் செடிகள்: கிழங்குக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (பெகு, பர்மா): அண்ணே, சர்க்கரைவள்ளிக் கொடி வேலி தாண்டிப் படர்ந்துவிட்டது. தோண்டினால் விரல் தடிமனுக்கு வெறும் வேர்தான். ஏன்?

பதில்: எருவோ யூரியாவோ அதிகமாகப் போயிருக்கும் தம்பி. தழைச்சத்து மிஞ்சினால் இலை செய்கிற சர்க்கரை புதுக் கொடிக்கும் இலைக்குமே செலவாகிவிடும், வேருக்கு மிச்சம்தான் வரும். அப்புறம் உங்கள் பக்கம் மழைத்தண்ணீர் தேங்குகிற மண், காற்றில்லாத சேற்றில் வேர் பருக்காது. மண்ணை நீள மேடாக, பாராக உயர்த்தி அணைத்து நடுங்கள். கீரைக்கென்று கொடியை மொட்டையடிக்காதீர்கள், கிழங்கை நிரப்புவதே அந்த இலைதான்.

கேள்வி (ரங்கூன்): இலை செய்வது சர்க்கரை என்றால் உருளைக்கிழங்கு ஏன் ஐயா இனிப்பதில்லை?

பதில்: கீழே வரும்போது சர்க்கரையாகத்தான் கரைந்து வருகிறது. ஆனால் அப்படியே குவித்து வைத்தால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், செல் தாங்காது. அதனால் செடி அந்தச் சர்க்கரையைச் சங்கிலியாகக் கோத்து, கரையாத ஸ்டார்ச் மணிகளாக்கி அடுக்கிவிடுகிறது. வீட்டிலேயே பார்க்கலாம் கண்ணு. ஒரு கிழங்கைத் துருவித் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்து அரை மணி நேரம் வை, அடியில் வெள்ளை மாவு கெட்டியாகப் படிந்திருக்கும், அதில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகும். முளை விடும்போது செடி இதையே திரும்பச் சர்க்கரையாக்கித் தின்னும். பிரிட்ஜில் வைத்தாலும் குளிருக்குக் கொஞ்சம் சர்க்கரையாக மாறும், அந்தக் கிழங்கை வறுத்தால் சீக்கிரம் கறுத்துவிடுவது அதனால்தான்.

கேள்வி (மோல்மேன்): உருளையைத் துண்டு போட்டு நடுகிறோம், மரவள்ளிக்கு மட்டும் ஏன் குச்சி?

பதில்: உருளை மண்ணுக்குள் பருத்த தண்டு. அதன் கண் ஒவ்வொன்றும் மொட்டு, துண்டில் ஒரு கண் இருந்தால் போதும். மரவள்ளிக் கிழங்கு வேர், அதில் மொட்டு கிடையாது, புதைத்தால் அழுகும். மொட்டு இருப்பது மேலே குச்சியில்.

கேள்வி (ரங்கூன்): இங்கே பர்மாவின் சின் மலையிலிருந்து ஜப்பானுக்குப் போகிற ‘வஉ’ என்கிற கிழங்கும் நம் சேனையும் ஒன்றா?

பதில்: நெருங்கிய சொந்தம், ஒன்றல்ல. சேனை சேர்ப்பது ஸ்டார்ச். வஉ பெரும்பாலும் குளுக்கோமன்னன் என்ற நார்ச்சத்தைச் சேர்க்கிறது, தண்ணீர் பட்டால் ஜெல்லி மாதிரி உப்பும். இரண்டிலும் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் உண்டு, நாக்கு அரிப்பது அதனால். பச்சையாக வாயில் வைக்காதீர்கள்.

கேள்வி (தாட்டன்): பொங்கலுக்குப் பிடுங்கியது போக மஞ்சள் மீதி இருக்கிறது அண்ணே, எப்போது தோண்டலாம்?

பதில்: பொறுங்கள் தங்கச்சி. தாள் பழுத்துக் காய்கிறபோது இலையில் மிச்சமிருக்கிற சத்தையெல்லாம் செடி கீழே இறக்குகிறது, பச்சையாக இருக்கும்போதே பிடுங்கினால் அந்தக் கடைசிப் பங்கு உங்களுக்கு இல்லை. பூசைக்குப் பச்சைக் கொத்து சரி. பொடிக்கு என்றால் தாள் முழுக்கக் காய்ந்து சாயட்டும், விதைக்கு மொட்டு நன்றாகத் தெரிகிற கிழங்காகப் பார்த்து எடுத்து நிழலில் வையுங்கள்.