பல்லுயிர் ஒப்பந்தங்களும் நம் ஊரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஐ.நா. பல்லுயிர் ஒப்பந்தத்தால் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடும் எனக்கு என்ன பயன்? – ஆத்தூர் வாசகர்

உங்களுக்குத்தான் முதலில் பயன். 2020-இல் நம் நாட்டுக்குள் நுழைந்த மாவுப்பூச்சி, நுனிக் குருத்தைச் சுருட்டிக் கொத்தாக்கியதைப் பார்த்திருப்பீர்கள். தென் அமெரிக்கப் பூச்சி அது. அடக்க இங்கே எதிரி இல்லை. அதன் உடலுக்குள் முட்டையிட்டுக் கொல்லும் ஒரு குளவி 1981-இல் பராகுவேயில் கண்டறியப்பட்டு, ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியது. பெங்களூரு வேளாண் பூச்சி ஆய்வகம் 2021-இல் அதை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, தனிமைக் காப்பில் சோதித்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

அயல் உயிரினங்களைக் கட்டுப்படுத்துங்கள் என்று நீங்கள் கேட்ட அந்த 1992 ஐ.நா. ஒப்பந்தத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. கையெழுத்துப் போட எந்த நாட்டாலும் முடியும். குளவியை இனம் பிரித்தறியத் தெரிந்த ஆளும், காப்பு ஆய்வகமும், வளர்ப்புக் கூண்டும் இருந்தால்தான் அது வயலுக்கு வந்து சேரும். ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் இந்த ஆற்றலை உருவாக்குவதைத்தான் திறன் வளர்ப்பு என்கிறார்கள்.

எங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதாம். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. – ஏற்காடு வாசகி

ஒரு நாள் பயிற்சி கொடுத்து, கோப்பு ஒன்றை நீட்டிவிட்டுப் போனால் இப்படித்தான் ஆகும். எனக்கு இதில் கோபம் உண்டு. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி குழுவின் தலையாய வேலை, ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. உங்கள் மலையின் பழங்குடியினரான மலையாளி மக்களில் மூத்தவர்களை, குறிப்பாகப் பெண்களை, உட்காரவைத்துக் கேளுங்கள்: எந்தச் சாமை நின்றுபோனது, எந்தக் கீரை எப்போது முளைக்கும், எந்த ஊற்று வற்றியது. அவர்கள் வெளியே சொல்ல விரும்பாத மருந்து முறையை எழுதாதீர்கள். செடியின் பெயர் தெரியவில்லையா? இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. படத்தோடு போய்க் கேளுங்கள். சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா மரம் உங்கள் பதிவேட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் யார் தருவது? – ஓமலூர் மாணவர்

வளரும் நாடுகளுக்கு 2030-க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 3,000 கோடி டாலர் திரட்டுவது 2022 மாண்ட்ரியல் பல்லுயிர் மாநாட்டின் இலக்கு. உலகச் சுற்றுச்சூழல் நிதியம் முக்கிய வழி.

நாட்டு வைத்தியன் நான். மூலிகை பறிக்கவும் அனுமதி வேண்டுமா? – வாழப்பாடி வாசகர்

மரபாக வைத்தியம் பார்ப்போருக்குப் பல்லுயிர்ச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. மூலிகையை வணிகத்துக்கு எடுக்கும் நிறுவனங்கள்தான் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் பறிப்பது வேறு சட்டம். அதற்கு வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.