சிக்னலில் மின்சைக்கிள் பாய்வது ஏன்?

ஐயா, 68 வயதில் சிக்னலில் பெடலை மிதித்ததுமே வண்டி பாய்வதால் விழப் பயம் என்றீர்கள். மோட்டார் கெட்டிருக்காது. ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) வண்டிகள் பலவற்றில், பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார்தான் இருக்கும். உங்கள் மிதி எவ்வளவு பலம் என்பது அதற்குத் தெரியாது. லேசாகச் சுற்றினாலும், நீங்கள் வைத்திருக்கும் அசிஸ்ட் (மோட்டார் உதவி) அளவுக்கு மோட்டார் முழு மூச்சில் இழுக்கும்.

நிற்கும் முன்பே அசிஸ்டை 1-க்கு இறக்கி, கியரையும் குறைத்துவிடுங்கள். நின்றபின் செயின் மாறாது. கிளம்பும்போது பின் பிரேக் லிவரை, பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்வாத அளவுக்கு லேசாகப் பிடித்திருங்கள். லிவரில் உள்ள கட்-ஆஃப் சுவிட்ச் மோட்டாரை அடக்கிவைக்கும். வண்டி நேராக உருண்டபின் விடலாம்.

முதலில் அந்தச் சுவிட்சைச் சோதியுங்கள்: பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, லிவரை அதேபோல லேசாக இழுங்கள். மோட்டார் உடனே அடங்க வேண்டும். அடங்காவிட்டால் லிவரிலிருந்து வரும் ஒயரின் கனெக்டரைப் பாருங்கள், கழன்றிருக்கலாம். சீட்டையும் பாதம் தரையில் பதியும்வரை இறக்குங்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் சிரமம்தான், ஆனால் விழுவதற்கு அது தேவலை.