15 வயது மகளுக்கு எந்த ஹொக்கி மட்டை?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகளுக்கு 15 வயது, உயரம் 5 அடி 2 அங்குலம். பாடசாலை ஹொக்கி அணியில் மத்திய களத்தில் ஆடும் அவர், இதுவரை பாடசாலையின் பொது மட்டையைத்தான் பாவித்து வந்திருக்கிறார். மார்கழி விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வரும் தாய்மாமன் ஒரு மட்டை வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். மகளோ, இணையத்தில் பார்த்த 95 சதவீதக் காபன் இழை கொண்ட, 'லோ போ' எனப்படும் தாழ்ந்த வளைவுள்ள மட்டைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். அதையே வாங்கலாமா, இல்லையென்றால் எதை வாங்குவது என்பதே தாயாரின் கேள்வி.

அந்த மட்டையை இப்போது வாங்க வேண்டாம். உங்கள் மகளுக்கு நான் சொல்லக்கூடியது 36 அங்குல நீளமும், 520 முதல் 535 கிராம் வரையான எடையும், 'மிட் போ' என்று எழுதப்பட்ட நடுவளைவும், 'மிடி' வகைத் தலையும் (பந்தை அடிக்கும் வளைந்த கீழ்முனை) உடைய, காபன் 20 முதல் 40 சதவீதத்துக்குள் இருந்து மீதி பெரும்பாலும் ஃபைபர் கிளாஸாக அமைந்த மட்டையாகும். அது அவர் கேட்கும் மட்டையை விட விலையும் குறைவாகவே இருக்கும்.

காரணங்களுக்குப் போகுமுன், மாமாவுக்கு இன்றைக்கே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். கனடாவில் வெறுமனே 'ஹொக்கி மட்டை' என்று கேட்டால், கடைக்காரர் எடுத்து நீட்டுவது ஐஸ் ஹொக்கி மட்டையாகத்தான் இருக்கும். அதை இங்கே கொண்டுவந்து கொடியில் உடுப்புக் காயப்போடலாமே தவிர வேறு பயன் இல்லை. 'ஃபீல்ட் ஹொக்கி' என்று சொல்லிக் கேட்க வேண்டும். அதிலும் 'இன்டோர்' என்று எழுதப்பட்டதை எடுத்துவிடக் கூடாது. உள்ளரங்க ஆட்டத்தில் பந்தைத் தள்ளலாமே ஒழிய ஓங்கி அடிக்க விதி இடம் கொடுக்காது என்பதால், அந்த மட்டைகள் மெல்லியனவாகவும் இலேசானவையாகவும் செய்யப்படுகின்றன. வெளி மைதானத்தில் நாலு அடி பலமாக அடித்தால் அவை தாக்குப்பிடிக்கமாட்டா.

இனி, தெரிவுக்கு அடிப்படையான விடயம் தரை. 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹொக்கி ஆடப்பட்டது. அதன் பின்னர் மட்டையின் தலை, வளைவு, மூலப்பொருள் எல்லாமே சமதளமான, நீர் தெளித்த, பந்து வழுக்கி ஓடும் தரையை மனதில் வைத்தே மாறி வந்தன. இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதியும் அந்தத் தரையில் ஆடுபவருக்கானதே. மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆடுவது மணல் கலந்த புல்தரையில். கச்சான் காற்று வீசும் காலத்தில் தரை சீமெந்து போல் இறுகி, பந்து எங்கே துள்ளும் என்று சொல்ல முடியாதபடி வரும். மாரியில் அதே தரை ஊறிப் புல் வளர்ந்து, பலமாக அடித்த பந்தும் பாதிவழியில் நின்றுவிடும். கொழும்பில் செயற்கைப் புல்லில் ஆட வேண்டிய போட்டி வந்தாலும் அது ஆண்டில் சில நாட்கள்தான். மீதி நாட்களில் பிள்ளை ஆடும் தரைக்கே மட்டை வாங்க வேண்டும்.

மகள் பிடிவாதம் பிடிக்கும் வளைவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. ஹொக்கி மட்டையை அதன் தட்டையான முகம் கீழே இருக்குமாறு மேசையில் வைத்தால், தலையும் கைபிடியும் மேசையைத் தொட, நடுவில் தண்டு வில் போல் எழும்பி நிற்கும். அந்த இடைவெளியின் ஆகக்கூடிய உயரம் 25 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது என்பதும், அந்த உச்சப் புள்ளி மட்டைத் தலையின் அடியிலிருந்து 200 மில்லிமீற்றருக்குக் குறைவான தூரத்தில் அமையக் கூடாது என்பதும் சர்வதேச ஹொக்கிச் சம்மேளனத்தின் விதிகள். உச்சப் புள்ளி இந்த 200 மில்லிமீற்றர் எல்லையை ஒட்டியிருந்தால் 'லோ போ' என்றும், 250ஐ ஒட்டியிருந்தால் 'மிட் போ' என்றும், 300ஐ ஒட்டியிருந்தால் சாதாரண வளைவு என்றும் பொதுவாகச் சொல்வார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும் என்பதால், பெயரை விட்டுவிட்டு மில்லிமீற்றரைக் கேட்பதே புத்தி.

வளைவு கீழே இருப்பதன் முக்கியப் பயன் ட்ராக் ஃப்ளிக், அதாவது பந்தை மட்டையோடு ஒட்டி இழுத்துக் கோலை நோக்கி எறிவது. எதிரணி தன் கோலுக்கு அண்மையில் செய்யும் தவறுக்காகக் கிடைக்கும் பெனால்டி கோர்னரில் முதல் முயற்சியாகப் பந்தை ஓங்கி அடித்தால் அது கோல் கோட்டை 460 மில்லிமீற்றர் உயரத்துக்கு மேற்படாமல் கடக்க வேண்டும். ஆனால் மட்டையோடு ஒட்டி இழுத்து எறியும் பந்துக்கு அந்த உயரக் கட்டுப்பாடு கிடையாது. தாழ்ந்த வளைவில் பந்து தொட்டிலில் கிடப்பது போல் தங்கி, இழுப்பின் வேகம் முழுவதையும் வாங்கிக்கொண்டு போகும். பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் அடித்த 348 சர்வதேசக் கோல்களில் பெரும்பகுதி பெனால்டி கோர்னரில் வந்தது என்பதை நினைத்தால், பிள்ளைகள் ஏன் அந்தக் கலையின் மீது மயங்குகிறார்கள் என்பது விளங்கும். ஆயினும் ஓர் அணியில் அந்த வேலை ஒருவருக்கோ இருவருக்கோ உரியது. மத்திய களத்தில் நிற்பவரின் வேலை பந்தை வாங்குவதும், திரும்புவதும், தரையோடு தட்டையாக அனுப்புவதும்தான்.

தட்டையாக அனுப்புவதில்தான் லோ போ காலை வாரும். வளைவு தலைக்கு அண்மையில் இருப்பதால், வழக்கமான முறையில் மட்டையை வீசும்போது பந்தைச் சந்திக்கும் முகம் சற்றே மேல்நோக்கித் திறந்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய, அடிக்கும் கணத்தில் கைகள் பந்தைக் கடந்து முன்னே போயிருக்க வேண்டும். அது பழகிய ஆட்டக்காரருக்கு வரும் பழக்கம். நானும் ஒருமுறை நண்பர் ஒருவரின் லோ போ மட்டையை ஆசைக்கு வாங்கிக்கொண்டு பயிற்சி ஆட்டமொன்றில் பின்களத்தில் நின்றேன். முதல் அடி முழங்கால் உயரத்துக்கு எழும்பிப் போயிற்று. யாரும் பக்கத்தில் இல்லாததால் தப்பினேன். அடுத்த அடி, எதிரில் நாலு மீற்றர் தூரத்தில் நின்ற பையனின் தொடையை உரசிக்கொண்டு போக, நடுவர் விசில் ஊதினார். பையன் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு மட்டையை உரியவரிடமே கொடுத்துவிட்டேன். 5 மீற்றருக்குள் நெருங்கி வரும் எதிராளியை நோக்கிப் பந்தை எழுப்புவது ஆபத்தான ஆட்டமாகக் கணக்கிடப்படும். மேடும் பள்ளமுமான தரை பந்தைத் தானாகவே தூக்கிவிடும் இடத்தில், மட்டையும் சேர்ந்து தூக்கத் தேவையில்லை.

காபன் விடயமும் இதே போன்றதுதான். காபன் கூடக்கூட மட்டை விறைக்கும். விறைத்த மட்டை அடியின் சக்தியைக் குறைவாகவே வீணாக்கும். அது உண்மை. ஆனால் அதே விறைப்பு, வேகமாக வரும் பந்தை நிறுத்தும்போது அதை மட்டையிலிருந்து ஓரடி தள்ளித் தெறிக்க வைக்கும். அந்த ஓரடிக்குள் எதிரணிப் பிள்ளை நுழைந்துவிடுவார். பந்து 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள கடினமான உருண்டை. தலையின் நடுவில் படாமல் விளிம்பில் பட்டால், விறைத்த மட்டை அந்த அதிர்வை அப்படியே விரல்களுக்குக் கடத்திவிடும். ஃபைபர் கிளாஸ் இதை ஓரளவு விழுங்கிக்கொள்ளும். அரமிட் என்ற இழையும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது.

எடையை எண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். விதி 737 கிராம் வரை அனுமதித்தாலும், இன்று அந்தப் பாரத்தில் யாரும் ஆடுவதில்லை. 530 கிராம் கொண்ட இரண்டு மட்டைகளில் ஒன்று தலைப் பக்கம் பாரமாகவும், மற்றது கைக்குள் அடங்குவதாகவும் இருக்கலாம். மட்டையை ஒற்றை விரலில் கிடையாக நிறுத்திப் பார்த்தால், அது சமநிலையில் நிற்கும் புள்ளி தலைக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவுக்கு அடி பலமாகும், திருப்பம் மந்தமாகும். மத்திய களத்துக்குத் திருப்பம்தான் தேவை. ஹொக்கியில் மட்டையைத் திருப்புவது இடது கை. வலது கை நடுவில் ஒரு வளையம் போல நின்று வழிகாட்டும். ஆகவே நான் பிள்ளைகளைச் சோதிக்கும் முறை இதுதான்: இடது கையால் மட்டும் கைபிடியின் உச்சியைப் பிடித்து, கையை முன்னே நீட்டி, தலை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க, முகத்தை முன்னும் பின்னுமாக இருபது தடவை விடாமல் திருப்பச் சொல்வேன். பன்னிரண்டு, பதின்மூன்றிலேயே மணிக்கட்டு சரிந்து தலை மண்ணைக் கீறத் தொடங்கினால் அந்த மட்டை பாரம். மகளிடம் இப்போது இருக்கும் பாடசாலை மட்டையிலேயே இதைச் செய்து பார்த்து, அதன் எடையைக் கடைத் தராசொன்றில் நிறுத்து மாமாவுக்குச் சொன்னால், அவர் கடையில் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு கிடைக்கும்.

நீளத்தில் நம் தாய்மார் செய்யும் தவறு ஒன்று உண்டு. பாடசாலைச் சீருடையை அடுத்த வருடத்துக்கும் சேர்த்துப் பெரிதாகத் தைப்பிப்பது போல, மட்டையையும் 'வளர்ந்து நிரப்புவாள்தானே' என்று நீளமாக வாங்கிவிடுவார்கள். நீளம் கூடிய மட்டையோடு குனிந்து ஓடும் பிள்ளையைக் கவனித்தால், கைபிடியின் நுனி வயிற்றில் இடிப்பதையும், அதைத் தவிர்க்க அவர் நிமிர்ந்து ஆடத் தொடங்குவதையும் காணலாம். நிமிர்ந்தால் பந்து கண்ணுக்கும் கைக்கும் தூரமாகிவிடும். விளையாட்டுச் சப்பாத்துடன் நேராக நின்று, மட்டையைக் காலோடு ஒட்டி நிறுத்தினால் அதன் உச்சி இடுப்பெலும்பின் மேற்புறத்தை எட்ட வேண்டும். 5 அடி 2 அங்குல உயரத்துக்கு 36 அங்குலம் பொருந்தும். பெரியவர்களுக்கு அதிகம் விற்பது 36.5 அங்குலம் என்பதால், கடையில் 36 இல்லாவிட்டால் அதை எடுப்பதில் தவறில்லை; 37.5 வேண்டவே வேண்டாம்.

தலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மிடி எல்லாவற்றுக்கும் பொதுவானது, மறுபக்கம் திருப்பி ஆடவும் இலகுவானது. மக்ஸி அகலமாகப் பந்தை மறிக்கும், பின்களத்தவர் சிலர் விரும்புவார்கள். கொக்கி வடிவத் தலை ட்ராக் ஃப்ளிக் அடிப்பவருக்குரியது. அணியில் பின்களத்தில் ஆடும் தோழிகள் கேட்டால், எட்டிப் பறிக்க அரை அங்குலம் நீளமும், தடுத்து அடிக்க இருபது, முப்பது கிராம் எடையும் கூடியதை அவர்கள் எடுக்கலாம் என்று சொல்லுங்கள்.

வீட்டில் தம்பி, தங்கை யாராவது ஆடத் தொடங்கினால் அவர்களுக்கு மர மட்டையே போதும். 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் இந்தியாவின் தியான் சந்த் தங்கம் வென்றது மர மட்டையோடுதான். பாகிஸ்தானின் சியால்கோட்டிலும் இந்தியாவின் ஜலந்தரிலும் செய்யப்படும் முசுக்கட்டை மர மட்டைகள் அதிர்வை நன்றாக உள்வாங்கும். மழையில் ஊறினால் உப்பி வெடிப்பது மட்டுமே அவற்றின் குறை. இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்குத் தனி மட்டை தேடியும் அலைய வேண்டாம். எல்லா மட்டைக்கும் தட்டையான முகம் இடப்பக்கத்திலேயே இருக்கும். இடது கை மட்டை என்று விதியில் ஒன்று இல்லை.

மட்டை வந்து சேர்ந்ததும் மேசையில் முகம் கீழாக வைத்து, அடிமட்டத்தால் இடைவெளியின் உயரத்தையும், உச்சப் புள்ளி தலையின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து பாருங்கள். பிறகு கைபிடி நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் தண்டின் வழியே நோக்குங்கள். பக்கவாட்டில் கோணல் தெரியக் கூடாது. கைபிடி உறையை மட்டும் தயங்காமல் மாற்றிக்கொள்ளலாம். நமது புழுக்கத்தில் கை வியர்த்து வழுக்கும் பிள்ளைக்கு, வியர்வையை உறிஞ்சும் ஷமி வகை உறை பஞ்சு உறையை விடப் பொருந்தும்.

இங்கே மட்டையைக் கொல்வது அடியை விட மணல்தான். தரையோடு உரசும் தலையின் அடிவிளிம்பு தேய்ந்து, மேற்பூச்சுப் போய், இழை வெளியே வந்துவிடும். முதல் நாளே அந்த விளிம்புக்குத் துணி டேப் ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். டேப்போடு சேர்த்தும் மட்டை 51 மில்லிமீற்றர் விட்டமுள்ள வளையத்தினூடாகப் போக வேண்டும் என்பது விதி என்பதால் மொத்தமாகச் சுற்றக் கூடாது. மழையில் ஆடிவந்தால் துடைத்து நிழலில் சாய்த்து வையுங்கள்; பூட்டிய வாகனத்துக்குள்ளோ தகரக் கூரையின் அடியிலோ வெயிலில் வேக விடாதீர்கள். டேப் மாற்றும் ஒவ்வொரு முறையும் விளிம்பை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இழை குத்தினால், மெல்லிய அரத்தாளால் தேய்த்து மழுக்காமல் அந்த மட்டையோடு களத்தில் இறங்கக் கூடாது. கூரான விளிம்புள்ள மட்டையை நடுவர் வெளியே வைக்கச் சொல்வார்.