கடவுள் கொடுத்த நூறு ரூபாய் நோட்டு

கேள்வி: நவீன வாழ்க்கை தமிழ்ச் சிறுகதையில் எப்படிப் பதிவாகியிருக்கிறது? எதிலிருந்து படிக்கலாம்?

பதில்: 1943இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை எடுங்கள். சென்னைக்கு வந்த கடவுள், கந்தசாமிப் பிள்ளையோடு ஊர் சுற்றும் கதை. முதல் தடவை சிரித்துக்கொண்டே படித்துவிடலாம். அடுத்த தடவை பென்சிலோடு உட்கார்ந்து, காசு பேசப்படும் இடங்களில் மட்டும் கோடு போடுங்கள்: டிராம் கட்டணக் கணக்கு, ஹோட்டல் பில்லுக்கு நீட்டும் நூறு ரூபாய் நோட்டு, பிள்ளை நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா. காப்பி ருசியைத் தன் லீலை என்கிறார் கடவுள். இல்லை, சிக்கரி கலந்த ஹோட்டல்காரன் லீலை என்கிறார் பிள்ளை. பட்டணத்தில் படைத்தவனும் வாடிக்கையாளர்தான்! பலர் இதை வெறும் கடவுள் கேலியாகப் படித்து, ஆத்திகமா நாத்திகமா என்று மல்லுக்கு நிற்கிறார்கள். அப்படிப் படித்தால், அந்த இருவரையும் வண்டியில் வைத்து இழுத்துப்போகும் ரிக்‌ஷாக்காரர் கண்ணிலேயே படமாட்டார்.