அலமாரியில் பூட்டிய கேமராவை வெளியே எடுங்கள்

வணக்கம் அம்மா,

மூன்றாம் வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மகன் படிப்பை நிறுத்திவிட்டு போட்டோகிராபிக்குப் போகிறேன் என்கிறான், அவன் அப்பா கோபத்தில் கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார், வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதல் வேலையாக அந்தக் கேமராவை அவனிடம் கொடுத்துவிடுங்கள். பூட்டி வைத்தால் ஆசை குறையாது. படிப்பின் மேல் வெறுப்புதான் கூடும்.

நான் வாரநாட்களில் மென்பொருள் எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காசிமேட்டிலோ பழவேற்காட்டிலோ கேமராவோடு நிற்கிறவன். இரண்டும் சேர்ந்துதான் என்னை ஆளாக்கின. கம்ப்யூட்டரா, கேமராவா என்று உங்கள் வீட்டில் நடக்கிற சண்டைக்கே அவசியமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்று அவனையே கேளுங்கள். வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லான சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பதிவு செய்யும். இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்று நான்கு நான்காக நிற வடிகட்டிகளைப் புள்ளிகளின் மேல் அடுக்கும் முறைக்கு, கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களிலும் போன்களிலும் இருப்பது அதுதான். ஒவ்வொரு புள்ளியிலும் விட்டுப்போன மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்புவது ஒரு புரோகிராம். இரவில் போன் பளிச்சென்று படம் எடுக்கிறதே, அது அடுத்தடுத்து எடுத்த பல படங்களைக் கை நடுக்கத்துக்கு ஏற்ப நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்ப்பதால் வருவது. அவன் சலிப்போடு எழுதும் மேட்ரிக்ஸ், ப்ராபபிலிட்டி கணக்குகள் அங்கேதான் உழைக்கின்றன. போன் கேமராவின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிப்படுத்துவதற்கென்றே பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள்; கேமரா ட்யூனிங் என்று பெயர். புரோகிராமும் எழுதத் தெரிந்து, ஒரு முகத்தின் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று கண்ணாலும் சொல்லத் தெரிந்தவர்கள் அதிகம் கிடைப்பதில்லை.

அவன் அப்பாவிடம் ஒரு அப்பா-மகன் கதையைச் சொல்லுங்கள். க்ளென் நோல் என்பவர் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நியூக்ளியர் இன்ஜினியரிங் பேராசிரியராக இருந்தவர். போட்டோ பிடிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. வீட்டிலேயே படம் கழுவும் இருட்டறை வைத்திருந்தார். மகன் தாமஸ் அங்கே பிரிண்ட் போடப் பழகினார். பிறகு அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1987இல், மேக் கம்ப்யூட்டர் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்ட ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். சினிமா கிராபிக்ஸ் துறையில் இருந்த தம்பி ஜானும் சேர்ந்துகொண்டார். அது வளர்ந்து 1990இல் படங்களைத் திருத்தும் ஃபோட்டோஷாப் மென்பொருளாக வெளிவந்தது. அந்த வீட்டில் கேமராவை யாரும் படிப்புக்கு எதிரியாக நினைக்கவில்லை.

எனக்குக் கேமரா கற்றுக்கொடுத்ததையும் சொல்கிறேன். கடற்கரையில் ஒரு படகைப் படம் எடுக்கும்போது பின்னால் கரண்ட் கம்பம் தெரிகிறதென்றால், இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் போதும். நகராமல் எடுத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து அதை அழிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஆபீசில் எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பும், நகர்ந்து நிற்க வேறு இடம் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. மீன் விற்கும் அம்மாக்களிடம் அனுமதி கேட்டு, எடுத்த படத்தைக் காட்டி, 'என்ன தம்பி, என்னை இப்படிக் கிழவியா காட்டிட்ட' என்பதையும் கேட்டுக்கொண்டு நின்ற பழக்கம், வாடிக்கையாளர் குறை சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேட்க உதவுகிறது. எடுத்ததில் பெரும்பங்கை நானே கழித்துவிடுவேன். நான் உழைத்து எழுதிய புரோகிராமை வேண்டாம் என்று தூக்கிப் போடும்போது வலிக்காமல் இருப்பது அதனால்தான்.

சரி, அவனுக்கு இதுவே தொழிலாக வேண்டும் என்றால்? அதையும் மதிக்க வேண்டும். ஆனால் தொழிலை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். செமஸ்டர் லீவில், உங்கள் ஊரில் கல்யாணப் படம் எடுக்கும் நல்ல போட்டோகிராபர் ஒருவரிடம் உதவியாளாக அனுப்புங்கள். லைட் ஸ்டாண்டு தூக்கட்டும். விடியற்காலை முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவே மண்டபத்தில் இருக்கட்டும். அதைவிட முக்கியம், அதற்குப் பிறகு நடக்கும் வேலை: ஆயிரக்கணக்கில் எடுத்ததைப் பிரிப்பது, நிறம் திருத்துவது, ஆல்பம் வடிவமைப்பது, பாக்கிப் பணத்துக்கு நாலு முறை போன் பண்ணுவது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இருக்காது. அந்த மாதங்களுக்கு வாடகையை எப்படிச் சேர்த்து வைக்கிறார் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். இதையெல்லாம் பார்த்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால் அது நம்பத்தக்க ஆசை.

அப்போதும் பட்டம் வேண்டும். காந்திநகரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் போட்டோகிராபி முதுநிலைப் படிப்பு இருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரியிலும் கொல்கத்தாவின் சத்யஜித் ரே நிறுவனத்திலும் ஒளிப்பதிவு படிக்கலாம். மூன்றுக்கும் விண்ணப்பிக்க ஒரு டிகிரி வேண்டும். இன்னும் மூன்று செமஸ்டர்தான். இப்போது விட்டால் அந்தக் கதவுகளும் சேர்ந்து மூடிக்கொள்ளும். புகழ்பெற்ற இந்தியப் போட்டோகிராபர் ரகு ராய் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். பிரேசிலின் புகழ்பெற்ற போட்டோகிராபர் செபாஸ்தியோ சல்காடோ பொருளாதாரம் படித்து, சர்வதேச காபி அமைப்பில் வேலை பார்த்து, 1973இல்தான் அதை விட்டுவிட்டுப் போட்டோகிராபிக்கு வந்தார். சுரங்கத் தொழிலாளிகளை அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் அந்தப் படிப்பு வீண்போகவில்லை என்று புரியும்.

புது லென்ஸ் கேட்டால் உடனே வாங்கித் தராதீர்கள். இருக்கிற கேமராவே போதும். ஃபைனல் இயர் ப்ராஜெக்டை, படங்களைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத் திருத்தும் இமேஜ் ப்ராசஸிங்கில் எடுக்க முடியுமா என்று அவன் கைடிடம் இப்போதே பேசச் சொல்லுங்கள். செமஸ்டர் முடிந்ததும் அவனையும் அவன் அப்பாவையும் சேர்த்து அழைத்து வாருங்கள். அவனே தேர்ந்தெடுத்த இருபது படங்களும் மார்க் ஷீட்டும் கையில் இருக்கட்டும். எந்தப் படத்தை ஏன் எடுத்தான் என்று அப்பாவுக்கு அவன் சொல்லட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்.