இலை கொட்டிய மரத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: மாதவரம் அருகே ஒரு நர்சரியில், தண்டுகளைப் பின்னி வளர்த்த பெஞ்சமினா ஃபைகஸ் மரத்தை 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். கூடத்தில் வைத்த பத்தே நாளில் பாதி இலை கொட்டிவிட்டது. 'செடிக்கெல்லாம் உத்தரவாதம் கிடையாது, விற்றதைத் திரும்ப வாங்க மாட்டோம்' என்கிறார் கடைக்காரர். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அதற்கு முன் ஒரு சிறு கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்து பால் கசிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. இடம் மாறினால் இலை உதிர்ப்பது பெஞ்சமினாவின் சுபாவம். நர்சரி வெளிச்சத்தில் தளிர்த்த இலைகள் கூடத்தின் நிழலைத் தாங்காமல் உதிரும். பிறகு புது இடத்துக்கேற்ற இலைகள் துளிர்க்கும். இதைப் பொருளின் குறை என்று நிரூபிப்பது கடினம்.

பதறிப்போய்த் தொட்டியை மாற்றாதீர்கள், உரம் போடாதீர்கள். இலை குறைந்த மரம் நீரும் குறைவாகவே குடிக்கும். தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். ஏசி காற்று படாத சன்னலோரத்தில் வைத்துவிட்டு அப்புறம் நகர்த்தாதீர்கள். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகே தண்ணீர். உங்கள் வீட்டு போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அது வேண்டாம், இலை நுனி கருகும். மெட்ரோ தண்ணீரோ மழைநீரோ ஊற்றுங்கள்.

ஆனால் பின்னல் தண்டு என்கிறீர்களே, அதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். அது ஒரே மரம் அல்ல. மூன்று நான்கு இளஞ்செடிகளை ஒரே தொட்டியில் நட்டுப் பின்னியது. ஒன்று பட்டுப்போயிருந்தாலும் மற்றவற்றின் இலை அதை மறைத்துவிடும். ஒவ்வொரு தண்டையும் தனித்தனியே அழுத்திப் பாருங்கள். சுருங்கிப் பட்டை உரிந்து வருகிறதா? கட்டிய கம்பி தண்டுக்குள் புதைந்திருக்கிறதா? கம்பி புதைவது பத்து நாளில் நடக்கிற காரியமே இல்லை. அது விற்கும்போதே இருந்த குறை.

அப்படியானால் சட்டம் உங்கள் பக்கம். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 'திரும்ப வாங்க மாட்டோம்' என்று கடைக்காரர் சொல்லிவிட்டதால் உங்கள் உரிமை போய்விடாது. பில் தர மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் வரும். இன்றே தண்டையும் அதில் கட்டிய கம்பியையும் நெருக்கமாகப் படம் எடுத்து, மாற்று மரமோ பணமோ வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் பலனில்லையென்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். 2,400 ரூபாய்க்கு இவ்வளவா என்று தயங்காதீர்கள், அது உங்கள் பணம்.

கேள்வி: சுற்றுச்சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே நான்கடி இடம் இருக்கிறது, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. பெஞ்சமினாவை அங்கே தரையில் நடலாம் என்று நர்சரியில் சொல்கிறார்கள். நம்பலாமா?
- வாசகர், கொளத்தூர்

பதில்: வேண்டாம். இதுவும் ஆலமரத்தின் இனம்தான். தரையில் விட்டால் பெரிய மரமாகும். வேர் ஈரத்தைத் தேடிப் போய்த் தளத்தைத் தூக்கும், தொட்டிச் சுவரைப் பிளக்கும். தொட்டிச் செடியாகவே வளர்த்துக் கத்தரித்து வாருங்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள். பால் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் இலையைக் கடிக்க விடாதீர்கள். தரையில்தான் நட வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு ஒரு பவழமல்லி போதும்.