ரிட்டயர் ஆன ரேஸ் கார் என்ன விலை போகும்?

பெங்களூரில் ரேஸ் கார் வொர்க்‌ஷாப் வைத்திருப்பவன் என்பதால், பழைய ரேஸ் கார் வாங்குவது, விற்பது பற்றி நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அல்சூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ஒரு டீம் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 என்ற ஒற்றை சீட் ரேஸ் கார் ஒன்றைப் பழையதாக விற்கிறது. விலை சரியா என்று எதை வைத்துப் பார்ப்பது?

முதலில் கேட்க வேண்டியது, அந்த கார் இந்த வருஷம் எந்தப் பந்தயத்தில் ஓடலாம் என்பதை. ஓட ஒரு கிளாஸ் இருந்தால் விலை நிற்கும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல காராக இருந்தாலும் போட்டியில்லாமல் சும்மா ஓட்டிப் பார்க்கும் டிராக் டே பொம்மைதான். எல்.ஜி.பி. 4 தேசியப் போட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் வகுப்பு, அதனால் வாங்க ஆள் உண்டு. மாருதி எஞ்சின் என்பதால் பாதி சாமான் ஜே.சி. ரோட்டிலேயே கிடைத்துவிடும். அதுவும் விலையில் சேர்ந்ததுதான். ஒரு கம்பெனி தன் காரை மட்டும் வைத்து நடத்திய கப் பந்தயங்களின் கார்கள் அப்படியில்லை. பந்தயம் நின்ற அன்றே அவற்றின் விலை இறங்கிவிடும்.

ஒயிட்ஃபீல்டு: ஜெயித்த கார் என்றால் கூடுதல் விலை கேட்கிறார்கள். நியாயமா?

வெளிநாட்டில் நியாயம். 2001-ல் ஃபார்முலா 1 டிரைவர் ஷூமாக்கர் மொனாக்கோவில் ஜெயித்த, ஹங்கேரியில் ஜெயித்து அந்த வருஷப் பட்டத்தையும் உறுதி செய்த ஃபெராரி 2017-ல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 75 லட்சம் டாலருக்குப் போனது. ஹாமில்டன் 2013-ல் ஹங்கேரியில் ஜெயித்த மெர்சிடிஸ், 2023-ல் லாஸ் வேகாஸில் 1 கோடியே 88 லட்சம் டாலர். அதே சீசனில் டெஸ்டுக்கு மட்டும் ஓடிய கார் இந்த விலைக்குப் பக்கத்தில் கூட வராது. யார் ஓட்டினார், எந்தப் பந்தயம், எந்த சேஸி (காரின் அடிச்சட்டம்) நம்பர் என்று மூன்றும் பொருந்த வேண்டும்.

நம் ஊரில் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் வாங்கிய கோப்பைக்கு யாரும் லட்சக்கணக்கில் கூடுதலாகத் தர மாட்டார்கள். கோப்பையை ஷோகேஸில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காருக்கு மட்டும் விலை பேசுங்கள்.

ஜெயநகர்: சேஸி மாற்றிய கார் "ஒரிஜினல்" ஆகுமா சார்? விற்கிறவர் ஆகும் என்கிறார்.

இதற்காகவே லண்டனில் ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கிறது. 1929, 1930 இரண்டு வருஷமும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த பென்ட்லி, "ஓல்ட் நம்பர் ஒன்". 1932-ல் பெரிய எஞ்சின் வைத்து புரூக்லாண்ட்ஸ் டிராக்கில் ஓடியபோது விபத்தாகி ஓட்டியவர் இறந்துபோனார். அப்புறம் அதைக் கூபே ஆக்கினார்கள். லெ மான்ஸில் ஓடிய பாகங்களில் மிஞ்சியது ரொம்பக் கொஞ்சம். பிற்பாடு ஒரு கம்பெனி அதை 1 கோடி பவுண்டுக்குப் பேசி முடித்துவிட்டு, இது அந்த காரே இல்லை என்று பின்வாங்கியது. 1990-ல் நீதிபதி சொன்ன தீர்ப்பு விற்றவர் பக்கம். பாகங்கள் மாறினாலும் அந்த கார் இடையில் எங்கேயும் இல்லாமல் போகவில்லை, வரலாறு அறுபடாமல் வருகிறது, ஆகவே இதுதான் ஓல்ட் நம்பர் ஒன் என்றார்.

ரேஸ் காரில் பாகம் மாறத்தான் செய்யும், மாறாத கார் ஓடாத கார். எப்போது, யார், எதற்காக மாற்றினார்கள் என்று பில்லும் போட்டோவும் காரின் பதிவேடான லாக் புக்கும் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஆளிடம் அது இருந்தால் பேசலாம். "எல்லாருக்கும் தெரியும் சார்" என்று மட்டும் சொன்னால் ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

கே.ஆர். புரம்: கார் பளபளவென்று இருக்கிறது, போன மாதம்தான் பெயின்ட் அடித்தார்களாம்.

எனக்கு அதுதான் முதல் சந்தேகம். குழாய் ஃபிரேம் கார் என்றால் வெல்டிங் மூலைகளைத் தடவிப் பாருங்கள், நாலு சக்கரத்தையும் அலைன்மென்ட் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் சரிசெய்யும் எல்லை முடிகிற வரை திருகியிருந்தால் அடி வாங்கிய கார். சஸ்பென்ஷன் கைகள், சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட்களுக்கு, விரிசலில் சாயம் இறங்குகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் செய்தால் முடி போன்ற விரிசலும் தெரியும். கார்பன் டப் (டிரைவர் உட்காரும் கார்பன் ஃபைபர் கூடு) என்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஸ்கேன் ரிப்போர்ட் கேளுங்கள். சரித்திரக் கார்களில், பந்தயம் ஓடிய அதே பழைய பெயின்ட் கீறலோடு இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். புதுப் பெயின்ட் அதை அழித்துவிடுகிறது.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: போர்ஷே ஜி.டி.3 கப் மாதிரி காருக்கு கிலோமீட்டர் பார்க்கலாமா?

எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள் மேடம். இப்போதைய கப் காருக்கு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை எஞ்சின் சோதனை என்கிறது கம்பெனி. 10 மணி நேரம் ஓடிய காருக்கும் 95 மணி நேரம் ஓடிய காருக்கும் வித்தியாசம் எஞ்சின் வேலையின் பில்தான். அதோடு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் முத்திரை போட்ட பெல்ட், சீட்டில் காலாவதி ஆண்டு இருக்கும். பெட்ரோல் டேங்கின் ரப்பர் பைக்கு 5 வருஷம், தயாரித்தவரே சோதித்துக் கொடுத்தால் இன்னும் 2. இவற்றையெல்லாம் கூட்டி, கேட்ட விலையிலிருந்து கழியுங்கள்.

ஓசூர்: ஃபார்முலா 1 காரை வாங்கி வைத்து யாராவது ஓட்ட முடியுமா?

எழுபதுகளின் கார் முடியும். அதில் பலவற்றில் காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சின், 1967-ல் வந்தது, 155 கிராண்ட் பிரி ஜெயித்தது. அதை இன்றும் பிரித்துக் கட்ட ஆள் இருக்கிறது, மொனாக்கோவில் சரித்திரப் பந்தயமும் இருக்கிறது. 2014-க்குப் பிந்தைய ஹைப்ரிட் கார் ஸ்டார்ட் ஆவதற்கே லேப்டாப்போடு ஒரு கூட்டம் வேண்டும். எஞ்சின் இல்லாமல் விற்பனைக்கு வரும் கார்கள் ஹாலில் நிறுத்தத்தான் ஆகும்.

சிவாஜிநகர்: ரேலி கார் ஒன்று, ஆர்.சி. இருக்கிறது. தினமும் ஓட்டலாமா?

ரேலியில் பொது ரோட்டிலும் போக வேண்டும் என்பதால் அதற்கு ஆர்.சி. உண்டு. ஆனால் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, உள்ளே பொருத்திய இரும்புக் கூண்டான ரோல் கேஜோடு சில்க் போர்டு சிக்னலில் நின்றால் கேள்வி வரும். வெளி மாநில ஆர்.சி. என்றால் என்.ஓ.சி.யும் கர்நாடக வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மாரத்தஹள்ளி: கார்னெட்டில் வந்த வெளிநாட்டு கார் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது அண்ணா.

தொடாதே தம்பி. கார்னெட் என்பது பந்தயம் முடிந்ததும் திரும்பிப் போகும் காருக்கு வரி இல்லாமல் விடும் தற்காலிக அனுமதி. இங்கேயே விற்றால் சுங்கம் கேட்டு வரும்.

பானஸ்வாடி: முழு காராக வாங்க ஆள் இல்லை. கழற்றி விற்கட்டுமா?

கியர்பாக்ஸ், எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ., ஓட்டத்தின் அளவுகளைப் பதியும் டேட்டா லாகர், வீல் செட் தனியாக நன்றாகவே போகும். அதற்கு முன் ஒரு சீசன் தொடங்கும் வரை பொறுத்துப் பாருங்கள், டிரைவர்கள் கார் தேடுவது அப்போதுதான். கழற்றியே தீருவது என்றால், லாக் புக்கை சேஸி வாங்குகிறவரிடம் மட்டும் கொடுங்கள். தனியாக விற்றால் அதே நம்பரில் இன்னொரு கார் கிளம்பிவிடும்.